வெண்புள்ளியோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை



பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் சில தாய்மார்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருவார்கள். காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது. பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, கடைசி ஆளாக உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். முழங்கையில் அல்லது கண்ணோரத்தில் பால் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். "டிரஸரையா, பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள இத போக வச்சிட முடியுங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள்.

முடியாது. அதைப் போக வைக்க இரண்டு வாரம் போதாது. சிலருக்கு இரண்டு வருஷமும் போதாது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ண இரண்டு வாரம் தாராளமாகப் போதும். அந்த வேலையைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. திட்டை மறைப்பதற்கு எடுக்கிற முயற்சியில் பாதியைப் பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுப்பதில் எடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற சாயம். அதைத் தயாரிப்பதற்கென்றே தோலுக்குள் தனி உயிரணுக்கள் இருக்கின்றன. உடம்பைக் கிருமியிலிருந்து காக்க வேண்டிய காவல் அணுக்கள் சிலருடைய உடம்பில் ஆள் அடையாளம் தெரியாமல் இந்தச் சாய அணுக்களையே தாக்கிவிடுகின்றன. வாட்ச்மேன் திருடனை விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஆளை அடித்து விரட்டுவது போலத்தான். சாயம் தயாராவது நின்றுபோன இடம் வெள்ளையாகிறது. இதில் கிருமி எதுவும் இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளைக்காரனுக்கும் வரும், சீனருக்கும் வரும், மலாய்க்காரருக்கும் வரும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் பளிச்சென்று தெரிவதால் நம் பிள்ளைகள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

இதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் பாதி வியாதி. "வெண்குஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள். குஷ்டம் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யார் சோறு தின்பார்கள்? மலாய்க்காரர்கள் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் திட்டுக்கு சோப்பாக், தொழுநோய்க்கு கூஸ்டா. நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப் போட்டோம்.

தோட்டத்துப் பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் 1926-ல் தொழுநோயாளிகளுக்கென்று சட்டம் வந்தது. 1930-ல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் இருக்கிறது என்று தெரிந்தால் கட்டாயமாகக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக்கூடத் தாயிடமிருந்து பிரித்தார்கள். உடம்பில் வெளுத்த திட்டைக் கண்டால் சட்டையை இழுத்து மூடுகிற பழக்கம் அந்தக் காலத்துப் பயத்திலிருந்து வந்தது. பாட்டி பயந்தாள், அம்மா பயந்தாள், இப்போது பேத்தியும் பயப்படுகிறாள். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இருக்கிறது. தொழுநோயே என்றாலும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மருந்து சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும். ஆக, தொழுநோய் வந்த பிள்ளையையும் ஒதுக்குவதற்கு இன்றைக்கு எந்த நியாயமும் இல்லை. வெண்புள்ளி உள்ள பிள்ளையை ஒதுக்குவதற்கு எந்தக் காலத்திலும் நியாயம் இருந்ததில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு என் மேஜையில் ஒரு துண்டுப் பஞ்சு இருக்கும். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சின் நுனியால் திட்டின் மேல் லேசாகத் தொடுவேன். "எங்கே தொட்டேன்?" என்றால் பிள்ளை சரியான இடத்தில் விரலை வைத்துக் காட்டும். வெண்புள்ளியில் உணர்ச்சி முழுசாக இருக்கும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். நிறமும் பால் வெள்ளையாக இருக்காது, மங்கலாகவோ கொஞ்சம் சிவந்தோ இருக்கும். இன்னொன்றும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் சொரசொரவென்று மங்கிய தேமல் வருமே, அது வேறு. அது தானாகவே போய்விடும். எதுவாக இருந்தாலும் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். வந்து காட்டுங்கள். கடைசி ஆளாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரை எதிர்த்தே ஓர் இயக்கம் நடந்தது. வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தார் விடாமல் கேட்டுக்கொண்டதன் பேரில், 2010-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாடு அரசு, இனி வெண்குஷ்டம் என்று சொல்லக்கூடாது, வெண்புள்ளி என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை போட்டது. பெயரை மாற்றினால் திட்டு மறைந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். திட்டு மறையாது. ஆனால் ஏழு வயசுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றித் தன் வாயால் சொல்லக்கூடிய ஒரு சொல் கிடைக்கிறது. குஷ்டம் என்ற சொல்லை எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்? நம் தோட்டத்துக்கு அரசாணை வரவேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். யார், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வலது கை விரல்களில் வெண்புள்ளி. வீட்டில், "கைய வெளியில காட்டாத, பாக்கெட்டுல வச்சுக்க" என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். இந்த மலையில் ஸ்வெட்டர் இல்லாத பிள்ளை கிடையாது, ஆகையால் அது சுலபமாக நடந்தது. பாலர் பள்ளியில் கையைக் கோத்து வட்டமாக நிற்கச் சொன்னால் நிற்காது. பென்சிலைக் கொடுத்தால் எடுக்காது. கை பாக்கெட்டிலேயே இருக்கும். கடைசியில், "இந்தப் பிள்ளைக்கு எழுத வரவில்லை, புத்தி கொஞ்சம் மட்டு" என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. மறை என்று சொன்னதை அவ்வளவு ஒழுங்காகச் செய்த பிள்ளைக்குப் புத்தி மட்டா?

இதைத்தான் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாம் மறைக்கச் சொல்லும்போது பிள்ளை என்ன நினைக்கிறது? "அம்மாவே வெட்கப்படுகிற ஏதோ ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று நினைக்கிறது. பள்ளியில் வேறொரு பிள்ளை கேலி பண்ணுவதற்கு முன்னாலேயே வீட்டில் அந்தக் காயம் பட்டுவிடுகிறது. வெளியில் எவனாவது கேலி பண்ணினால் வீட்டுக்கு ஓடிவந்து அழலாம். வீடே மூடி மறைத்தால் அது எங்கே போய் அழும்?

ஸ்வெட்டர் போடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெண்புள்ளி இருக்கிற தோலுக்குச் சாயத்தின் காப்பு இல்லை, வெயில் பட்டால் சீக்கிரம் சிவந்து வெந்துபோகும். இங்கே குளிராக இருக்கிறது, வெயில் சுடாது என்று நினைக்கிறோம். அது சரியில்லை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரம். உயரே போகப் போகத் தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும். கொளுந்து மலையில் நிற்கிற உங்களுக்கே தெரியும், குளிர் காற்றில் நின்றுகொண்டே முகம் கறுத்துப் போகும். ஆகையால் நீண்ட கை வைத்த சட்டை, விளிம்புள்ள தொப்பி, முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் களிம்பு எல்லாம் நல்லதுதான். பிள்ளையிடம் காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். "வெயில் சுடும், அதனால போட்டுக்க" என்று சொன்னால் அது தொப்பி மாதிரி ஒரு சாமான். "யாரும் பாத்துடப் போறாங்க, போட்டுக்க" என்று சொன்னால் அதே சட்டை பிள்ளைக்கு ஜெயில்.

சரி, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? பெரிய பிரசங்கம் வேண்டாம். "நீ கடவுள் அனுப்பிய விசேஷப் பிள்ளை, உலகத்திலேயே உன்னைப் போல யாரும் இல்லை" என்றெல்லாம் சிலர் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்கு விசேஷமாக இருக்க ஆசை இல்லை. நாலு பிள்ளைகளோடு சேர்ந்து கல்லா மண்ணா விளையாடத்தான் ஆசை. அதற்கு உதவுவது ஒரு சின்ன பதில்தான். கேள்வி வரும்போது தடுமாறாமல் சொல்லிவிட்டு ஓடிப்போய் விளையாடுகிற மாதிரி ஒரு பதில். "இது வெண்புள்ளி. வலிக்காது, ஒட்டாது." இவ்வளவுதான். தானா ராத்தாவில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பழகுகிறார்கள். ஆகையால் மலாயிலும் சொல்லிக் கொடுங்கள்: "இனி சோப்பாக். தா பெர்ஜாங்கிட்." சாயங்காலம் வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இதையே விளையாட்டாகப் பழக்குங்கள். அப்பா பள்ளிக்கூடத்துப் பையனாக நடிக்கட்டும். "ஏய், உன் கையில என்னா வெள்ளையா?" என்று கேட்கட்டும். பிள்ளை பதில் சொல்லட்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால், அந்தக் கேள்வி பள்ளிக்கூடத்தில் வரும்போது பழைய கேள்வியாகத்தான் தெரியும்.

"எனக்கு மட்டும் ஏம்மா?" என்று பிள்ளை கேட்கும். அதற்கும் பொய் சொல்ல வேண்டாம். "ஏன்னு டாக்டருங்களுக்கே முழுசா தெரியல. நீ எதுவும் தப்பு செய்யல. அம்மாவும் செய்யல" என்று சொல்லலாம். "போயிடுமா?" என்று கேட்டால், "போனாலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம், ரெண்டுக்கும் நாங்க உன்கூட இருப்போம்" என்று சொல்லலாம். அடுத்த மாசம் போய்விடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் எழுந்து கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஏமாறுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவும் செய்யல" என்பதை வேண்டுமென்றேதான் எழுதினேன். பிள்ளைக்கு வெண்புள்ளி வந்தால் நம் லயத்தில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் தாய்தான். மாசமாக இருக்கும்போது மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டாளாம், பாம்பைப் பார்த்துப் பயந்தாளாம், அவள் வீட்டு ரத்தமே சரியில்லையாம். மீனும் பாலும் சேர்ந்தால் தோல் வெளுக்கும் என்பதற்கு வைத்தியத்தில் எந்த ஆதாரமும் இல்லை. குடும்பத்தில் வழிவழியாகக் கொஞ்சம் வர வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வெண்புள்ளி உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு இது இருப்பதில்லை. மாமியார்மார்கள் இந்த வரியை இரண்டு தடவை படித்தால் நல்லது. பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் இன்னொரு பேச்சும் வரும். ஏழு வயசுப் பிள்ளைக்கு இருபத்தஞ்சு வயசில் நடக்கப் போகிற கல்யாணத்தை நினைத்து இன்றைக்கே ஒப்பாரி வைப்பார்கள். அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். அது முதலில் ஒன்றாம் ஆண்டைத் தாண்டட்டும் ஐயா!

பள்ளி திறப்பதற்கு முன்னால் தகப்பனோ தாயோ ஒரு நாள் போய் வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை போனாலும் பரவாயில்லை என்று நான் லேசாகச் சொல்லிவிட முடியாது, அந்தச் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் போங்கள். நம் வீட்டில் ஒளித்து வைத்ததை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வார்? தொற்றாத ஒன்று என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். சந்தேகப்பட்டால் டிஸ்பென்சரியிலிருந்து நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். பிள்ளையைப் பின் வரிசையில் தனியாக உட்கார வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். திடலில் வெயிலில் நிற்கும்போது தொப்பி போட அனுமதி கேளுங்கள். அதே சமயம் முதல் நாளே வகுப்பின் முன்னால் பிள்ளையை நிறுத்திவைத்து, "இவளைக் கேலி செய்யாதீர்கள்" என்று பிரசங்கம் பண்ண வேண்டாம் என்றும் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் அதைப் போல ஒரு பிள்ளையைக் கூச வைப்பது வேறு இல்லை.

மேலே சொன்ன பிள்ளையின் வீட்டில் முதலில் பாட்டியை உட்கார வைத்துப் பஞ்சுப் பரிசோதனை செய்து காட்டினேன். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னபோது பாட்டி, "அப்ப இது அது இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம்தான் அந்தக் கை பாக்கெட்டைவிட்டு வெளியே வந்தது. தகப்பன் பள்ளிக்குப் போய்ப் பேசினார். பிள்ளை இப்போது எழுதுகிறது, எழுத்தும் பரவாயில்லை. எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். திட்டு இடது கைக்கும் வந்திருக்கிறது. ஒரு பையன் இன்னும் "சிச்சாக்" என்று கூப்பிடுகிறானாம். "பல்லிக்கு வாலு இருக்கும்டா, எனக்கு இருக்கா பாரு" என்று இது திருப்பிக் கேட்டதாம். இதை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பையனின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெண்புள்ளி இல்லாத பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் இதில் பெரிய பங்கு என்பது என் அபிப்பிராயம். கோயில் திருவிழாவில், பஸ்ஸில், உங்கள் பிள்ளை விரலை நீட்டி, "அந்த அக்காவுக்கு ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்கும். உடனே "உஷ், பாக்காத" என்று கையைத் தட்டிவிடுகிறோம். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? அது பார்க்கக்கூடாதது, பயப்பட வேண்டியது என்று கற்றுக்கொள்ளும். "அது வெண்புள்ளி, சில பேருக்கு அப்படி இருக்கும், ஒட்டாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் குடும்பம் கொடுக்கிற தேத்தண்ணியை வாங்கிக் குடியுங்கள். நீங்கள் குடிப்பதை உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

உலகம் முழுக்க இந்தக் கதை நடந்திருக்கிறது. பாட்டுக்காரர் மைக்கேல் ஜாக்சன் தோலை வெளுக்க வைத்துக்கொள்கிறார் என்று உலகமே பேசியது. தனக்கு இருப்பது இந்த நோய்தான் என்று 1993-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். அவர் 2009-ல் இறந்த ஜூன் 25-ஆம் தேதியைத்தான் 2011 முதல் உலக வெண்புள்ளி நாளாக அனுசரிக்கிறார்கள். கனடா நாட்டில் வின்னி ஹார்லோ என்று ஒரு பெண். சிறு வயதிலேயே வெண்புள்ளி வந்து, பள்ளியில் மாடு, வரிக்குதிரை என்று கேலி செய்தார்கள். 2014-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் அழகிகள் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் அந்தத் தோலோடேயே வந்து நின்றார். இன்றைக்குப் பெயர் பெற்ற மாடல் அவர். உங்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியில் படத்தை எடுத்துக் காட்டுவார்கள். சின்னதுக்கு ஒரு தடவை காட்டினால் போதும்.

கடைசியாக வைத்தியம். சம்பள நாள் பார்த்துக் கடை விரிக்கிற மருந்து வியாபாரிகளிடம் பிள்ளையைக் காட்டாதீர்கள். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்க வைப்பது பழைய முறை. அதில் வெளிச்சத்தோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு சத்து உண்மையிலேயே உண்டு. அதே வகை மருந்தை ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்து, ஒளியையும் அளந்து காட்டினார்கள். வீட்டில் அளவு தெரியாமல் பூசினால் பிள்ளையின் தோல் கொப்பளித்து வெந்துபோகும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்திலும், உராய்ந்த இடத்திலும் புதுத் திட்டு வரலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள். இறுக்கமான எலாஸ்டிக், தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவது எல்லாம் வேண்டாம்.

தானா ராத்தா அரசாங்க மருத்துவமனையில் காட்டித் தோல் டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள். மலை இறங்கித்தான் போக வேண்டியிருக்கும். இப்போது களிம்புகள் இருக்கின்றன, அளந்து காட்டுகிற புற ஊதா ஒளி வைத்தியம் இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் ஒரு புதிய களிம்புக்கு 12 வயசுக்கு மேற்பட்டவர்களுக்காக அனுமதி கொடுத்திருக்கிறார்கள். முகத்தில் இருக்கிற திட்டு கொஞ்சம் சீக்கிரம் நிறம் திரும்பும், கை கால் விரலில் இருப்பது பிடிவாதமானது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம்.

பிள்ளையை என்னிடம் கூட்டி வருகிறவர்கள் காலையில் பெரட்டு முடிந்ததும் வரலாம், சாயங்காலமும் வரலாம். பாட்டி இருந்தால் பாட்டியையும் கூட்டி வாருங்கள். பஞ்சு எப்போதும் மேஜையில்தான் இருக்கும்.